வந்திருப்பது பழைய நோயா, மாத்திரை விலகும் வேதனையா?

“நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாளே பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பிவிட்டது. இந்த மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது.”

பல வருடங்களாகப் பதற்ற மாத்திரை எடுத்துவரும் முதியவர்கள் ஏதோ ஒரு விதத்தில் சொல்வது இதைத்தான். கேட்கும் குடும்பமும் நம்பிவிடுகிறது. மருத்துவரும் பல நேரங்களில் பழைய சீட்டையே மறுபடி எழுதித் தருகிறார். மூன்றாம் நாள் வந்தது பழைய நோய்தானா என்று யாரும் கேட்பதில்லை. மாத்திரை திடீரென நின்றதால் மூளை எழுப்பிய கூச்சலாக அது இருந்தால், அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவை என்று முடிவு செய்தது பொய்ச் சாட்சியை நம்பித்தான். முதுமையில் இந்த மருந்துகளைக் குறைக்கும் முயற்சி தோற்பதற்கு, மன உறுதி போதவில்லை என்பதைவிட இந்தக் குழப்பமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எந்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அல்பிரசோலம், லோரசெபம், குளோனசெபம், டயசெபம், குளோர்டயசெபாக்சைடு ஆகியவை பென்சோடயசெபின் என்ற ஒரே குடும்பம். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் நீண்டகாலமாகத் தரப்படுபவை இவை. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் கண்டறிந்த குளோர்டயசெபாக்சைடு 1960இல் விற்பனைக்கு வந்தது. 1963இல் டயசெபம் வந்தது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த பார்பிட்யூரேட் மருந்துகள் அளவு சற்று மீறினாலே உயிரைப் பறித்தன. அவற்றோடு ஒப்பிட்டால் புதியவை எவ்வளவோ பாதுகாப்பாகத் தெரிந்தன. மருத்துவர்கள் நம்பிக்கையோடு எழுதினார்கள், மக்கள் நம்பிக்கையோடு விழுங்கினார்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியபோது 1988 ஆகிவிட்டது. அதன் பிறகும், ஒரு மரணத்தின் துக்கத்திலோ ஒரு அறுவை சிகிச்சையின் பயத்திலோ தொடங்கிய இரண்டு வார மாத்திரை இருபது வருட மாத்திரையாக மாறுவது நிற்கவில்லை. துக்கம் எப்போதோ ஆறியிருக்கும். மாத்திரை மட்டும் தங்கிவிடும்.

இதில் மருந்து எடுத்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மருத்துவர் சொன்ன அளவை ஒரு துளிகூட மீறாமல் எடுத்தவரின் உடலும் மருந்துக்குப் பழகிவிடும். இது உடல்சார்ந்த பழக்கம். ஆசைப்பட்டு, தேடி அலைந்து, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் போதை அடிமைத்தனம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுபது வயதுப் பெண்மணியிடம் “நீங்கள் இதற்கு அடிமையாகிவிட்டீர்கள்” என்று சொன்னால், அவர் அவமானத்தில் ஒன்று பேச்சை நிறுத்துவார், அல்லது மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவார். இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

ஏன் ஆபத்து என்பதை விளக்க மூளைக்குள் கொஞ்சம் போக வேண்டும். நரம்புகளின் பரபரப்பை அடக்கும் வேலையைக் காபா என்ற வேதிப்பொருள் செய்கிறது. நரம்பணுவின் மேல் காபா போய் உட்காரும் புரதத்தை ஏற்பி என்கிறார்கள். அந்த ஏற்பியில், பக்கத்திலேயே வேறோர் இடத்தில் பென்சோடயசெபின் ஒட்டிக்கொள்கிறது. அதனால் காபாவின் குரல் பல மடங்கு உரக்கக் கேட்கிறது, நரம்பு அமைதியாகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஏற்பிகள் மந்தமாகின்றன, பரபரப்பைத் தூண்டும் எதிர்த்தரப்பு வலுக்கிறது. மருந்து ஒரு பக்கம் இழுக்க, மூளை மறுபக்கம் இழுத்துச் சமநிலை பிடிக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் சட்டென்று கையை விட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவார்கள் அல்லவா, அதுதான் மருந்து நின்ற மூன்றாம் நாளில் நடப்பது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமே இல்லாத இரவுகள், கடும் பயம். அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு வலிப்பும், ஆள் அடையாளம் தெரியாத மனக்குழப்பமும்கூட வரலாம். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. மந்தமான ஏற்பிகள் மறுபடி விழித்தெழும், ஆனால் அதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். மெதுவாகக் குறைப்பது என்பது அவற்றுக்கு அந்த அவகாசத்தைத் தருவதுதான்.

வயது செய்யும் வேலை

முதிய உடலில் இந்த மருந்து இரண்டு விதங்களில் வேறு மருந்தாகவே நடந்துகொள்கிறது.

முதலாவது, மருந்து உடலைவிட்டுப் போக மறுக்கிறது. வயதாக ஆகத் தசை குறைந்து உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசெபம் கொழுப்பில் கரைந்து தேங்கும் மருந்து. அதை உடைக்கும் கல்லீரல் நொதிகளும் சோர்ந்துவிடுகின்றன. இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறார்கள். டயசெபத்துக்கு அது 20 வயதில் ஏறத்தாழ 20 மணி நேரம். 80 வயதில் 80, 90 மணி நேரம் வரை நீள்கிறது. அது உடைந்து உண்டாகும் இன்னொரு பொருளும் அமைதிப்படுத்தும் குணம் உள்ளதே, அதன் ஆயுள் இன்னும் நீளம். லோரசெபம் வேறு வழியில் கழிவதால் வயது அதை அவ்வளவு பாதிப்பதில்லை. அல்பிரசோலம் இடையில் நிற்கிறது. பொதுவாக 11 மணி நேரம் என்றால், முதியவர்களில் 16 மணி நேரம் வரை போகிறது.

இரண்டாவது, அதே அளவு மருந்து முதிய மூளையைக் கூடுதலாக அழுத்துகிறது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது, பெயர்கள் நினைவுக்கு வராமல் போவது, பகலில் கண் சொக்குவது என எல்லாம் வரும். இருபது வருடமாகச் சாப்பிடும் மாத்திரைமேல் யாருக்கும் சந்தேகம் வராது. “வயசாயிடுச்சு” என்பார்கள். மாத்திரை மாறவில்லை, அதை வாங்கிக்கொள்ளும் உடல் மாறிவிட்டது. அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகம் வெளியிடும் பீர்ஸ் அளவுகோல்கள், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பென்சோடயசெபின்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். 2023 பதிப்பிலும் அந்த அறிவுரை அப்படியே இருக்கிறது.

இந்த “வயசாயிடுச்சு” மறுபக்கத்திலும் வந்து நிற்கிறது. மாத்திரையைக் குறைக்கும்போது வரும் நடுக்கத்தைப் பார்த்தால் பார்க்கின்சன் நோயோ என்று தோன்றும். நெஞ்சு படபடத்தால் இதயக் கோளாறு என்று ஓடுவார்கள். குழப்பமாகப் பேசினால் மறதி நோய் தொடங்கிவிட்டது என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய மாத்திரை சேரும். இதய நோயும் பார்க்கின்சனும் உண்மையிலேயே வரக்கூடிய வயது என்பதால் அவற்றைப் பரிசோதிக்காமல் விடவும் முடியாது. ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் “போன வாரம் இந்த மாத்திரையை இவ்வளவு குறைத்தோம்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டையும் பிரித்தறிவது

மாத்திரை குறைவதாலோ நிற்பதாலோ வரும் விலகல் அறிகுறியையும் நோய் திரும்புவதையும் எப்படிப் பிரிப்பது? நூறு சதவீதம் உறுதியான சோதனை கிடையாது. ஆனால் மூன்று தடயங்கள் பெரும்பாலும் உதவுகின்றன.

ஒன்று, காலம். விலகல் அறிகுறி அளவைக் குறைத்ததோடு ஒட்டி வரும். அல்பிரசோலம், லோரசெபம் என்றால் ஓரிரு நாளில். டயசெபம் என்றால் ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து வரும், அதனால்தான் பலர் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. நோய் திரும்புவதென்றால் பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி வரும். இரண்டாவது, புதுமை. வெளிச்சமும் ஓசையும் தாங்க முடியாமல் போவது, காதில் இரைச்சல், தோலில் ஊறல், தசைத் துடிப்பு, சுற்றியிருப்பது எல்லாம் நிஜமில்லாததுபோலத் தோன்றுவது ஆகியவை இருபது வருடத்துக்கு முன் அந்த மனிதருக்கு இருந்த பதற்றத்தில் இருந்தனவா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வந்திருப்பது வேறு. மூன்றாவது, போக்கு. அளவை மேலும் குறைக்காமல் அதே இடத்தில் நிறுத்தினால் விலகல் அறிகுறி அலைபோல் எழுந்து, சில வாரங்களில் தணியும். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். பழைய நோய்க்கு அந்த அலை இருக்காது, அது பழைய கவலைகளையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

குறைக்கத் தொடங்காதவர்களிடமும் விலகல் வேதனை தினமும் நடப்பதுண்டு. இரவு எடுத்த அல்பிரசோலம் விடியற்காலையில் வடியத் தொடங்கும். நெஞ்சைப் பிசையும் பயத்தோடு விழிப்பு வரும். காலை மாத்திரை போட்டதும் அரை மணி நேரத்தில் அடங்கும். “பார்த்தீர்களா, மாத்திரை இல்லாவிட்டால் என் கதி இதுதான்” என்பார் அவர். இரண்டு வேளைக்கு இடையில் உடல் மாத்திரையைக் கேட்டது என்பதுதான் அதன் பொருள். மாத்திரை தீர்த்துவைப்பது மாத்திரையே உண்டாக்கிய தவிப்பை.

எவ்வளவு மெதுவாக என்றால் மெதுவாகுமா?

அமெரிக்க அடிமைநிலை மருத்துவக் கழகம் பிற மருத்துவ அமைப்புகளுடன் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம் என்கிறது. இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மேல் எல்லை. முதியவர்களைப் பொறுத்தவரை, தொடர்வதற்கு வலுவான காரணம் இல்லையென்றால் பொதுவாகக் குறைக்கவே முயல வேண்டும் என்றும் சொல்கிறது.

ஏன் 2 முதல் 4 வாரம்? டயசெபத்தின் அரை ஆயுளை மறுபடி எடுத்துக்கொள்வோம். அளவை மாற்றினால், இரத்தத்தில் புதிய நிலை நிலைபெற ஏறத்தாழ ஐந்து அரை ஆயுள் ஆகும். 80 மணி நேரம் கொண்டவருக்கு அது 400 மணி நேரம், அதாவது 16, 17 நாள். முதல் வாரம் நன்றாக இருக்கிறது என்று அடுத்த வாரமே மறுபடி குறைத்தால், முதல் குறைப்பின் விளைவு முழுதாகத் தெரிவதற்கு முன்பே இரண்டாவது அடி விழுந்துவிடுகிறது. மூன்றாவது வாரம் எல்லாம் சேர்ந்து இடிக்கும்.

எந்த அளவில் சதவீதம் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் தினம் 1 மில்லிகிராம் அல்பிரசோலம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கால் மில்லிகிராம் குறைத்து நான்கே படியில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். முதல் படியில் அவர் இழப்பது இருப்பதில் 25 சதவீதம். அடுத்ததில் 33. அதற்கடுத்ததில் 50. கடைசிப் படியில் 100. மேலே படிகள் எட்டும் உயரத்தில் இருக்க, கீழே வரவரக் கிணற்றில் குதிப்பதுபோல் ஆகிவிடுகிறது. குறைந்த அளவிலேயே மருந்து கணிசமான ஏற்பிகளைப் பிடித்துவிடுவதால் கடைசிச் சிறு துண்டுக்கும் மூளையில் பெரிய வேலை இருக்கிறது. அதனால் தொடக்க அளவில் 10 சதவீதம் என்றில்லாமல், அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் அளவில் 10 சதவீதம் என்று கணக்கிடுவது பொருத்தம்: 1, பிறகு 0.9, பிறகு 0.81. கடைசிப் பகுதி முதல் பகுதியைவிட நீளமாக இருப்பது இயல்பு. மொத்தத்தில் பல மாதங்கள் ஆகலாம், ஒரு வருடத்தைத் தாண்டவும் தாண்டலாம்.

மாத்திரையை இத்தனை நுணுக்கமாக உடைப்பது கைவிரல் மூட்டு வீங்கியவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் எளிதல்ல. திரவ வடிவில் கிடைக்கும் மருந்துக்கு மாறுவது ஒரு வழி. மருந்தாளுநரே அளந்து பொட்டலம் கட்டித் தருவது இன்னொன்று. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை மட்டும் உடைக்கவே கூடாது. உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

1982 முதல் 1994 வரை பிரிட்டனின் நியூகாசிலில் பென்சோடயசெபின் விலகலுக்கென்றே மருத்துவமனைப் பிரிவு நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், குறுகிய ஆயுள் மருந்துகளிலிருந்து டயசெபத்துக்கு மாற்றி, அதன்பின் குறைக்கும் முறையைப் பரவலாக்கினார். டயசெபம் மெதுவாக வடிவதால் அலைகள் மட்டுப்படும். ஆனால் மேலே பார்த்த காரணத்தால் முதியவர்களில் அதே டயசெபம் தேங்கித் தள்ளாட வைக்கலாம். அரை மில்லிகிராம் அல்பிரசோலத்துக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் டயசெபம் என்பது அவருடைய கணக்கு. எண்பது வயதுக்காரருக்கு அதை அப்படியே மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது. இளையோருக்கு எழுதிய திட்டத்தை முதியவருக்கு நகலெடுக்க முடியாது. மாற்றுவதா, இருப்பதையே குறைப்பதா என்பதை அவருடைய கல்லீரல், நடை, மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மற்ற மருந்துகள் என்றதும் ஒன்று. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், சில பூஞ்சைக்கொல்லி மருந்துகள் ஆகியவை அல்பிரசோலம் உடைவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும். அந்த ஆன்டிபயாடிக் முடிந்த வாரம் அளவு தானாக இறங்கும். நீங்கள் ஒன்றும் குறைக்காமலே விலகல் அறிகுறி தலைகாட்டும்.

நடுவில் தாங்க முடியாமல் போனால்? அதே அளவில் கூடுதலாகச் சில வாரம் நிற்கலாம். மிகவும் கடினமென்றால் மருத்துவரிடம் சொல்லி ஒரு படி ஏறிக்கொள்ளலாம், அது தோல்வி இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவதும், கெட்ட நாளில் மட்டும் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்வதும்தான் கூடாது. மருந்தின் அளவு ஊஞ்சலாடினால் மூளைக்குப் பழகிக்கொள்ள நிலையான தரையே கிடைக்காது. மதுவை இதற்கு மாற்றாக எடுப்பதும் கூடாது. அது அதே ஏற்பிகளைத்தான் தொடுகிறது.

கையில் ஒரு துண்டுத்தாள்

கனடாவின் கியூபெக்கில் காரா டானன்பாம் குழுவினர் நடத்திய எம்பவர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. நீண்டகாலமாகப் பென்சோடயசெபின் எடுத்துவந்த 65 முதல் 95 வயது வரையிலான 303 பேரில் பாதிப் பேருக்கு ஒரு சிறு கையேடு அனுப்பினார்கள். இந்த மாத்திரையின் ஆபத்து என்ன, படிப்படியாகக் குறைப்பது எப்படி, மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்பவைதான் அதில் இருந்தன. ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுமையாக நிறுத்தியிருந்தார்கள். மேலும் 11 சதவீதம் பேர் அளவைக் குறைத்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் நிறுத்தியவர்கள் 5 சதவீதம். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. “இந்த வயதில் பழக்கத்தை மாற்ற முடியாது” என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வருகின்றன. முதியவர்களால் முடியாது என்பதைவிட, யாரும் அவர்களிடம் முறையாகச் சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

துணைக்கு இன்னொன்று இருந்தால் பலன் கூடுகிறது. தூக்கமின்மைக்காகச் சராசரியாக ஏறத்தாழ 19 வருடம் மாத்திரை எடுத்த 76 முதியவர்களைச் சார்லஸ் மோரன் குழுவினர் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தது மட்டும் நடந்தவர்களில் 48 சதவீதம் பேர் நிறுத்தினார்கள். அதோடு தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சையும் பெற்றவர்களில் 85 சதவீதம். இந்தச் சிகிச்சை பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை: தூக்கம் வராமல் படுக்கையில் புரளாமல் எழுந்துவிடுவது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு ஏற்பச் சுருக்குவது, “இன்று தூங்காவிட்டால் நாளை செத்தேன்” என்ற நினைப்பை ஆராய்ந்து பார்ப்பது. பதற்றத்துக்கும் இதேபோன்ற பேச்சுச் சிகிச்சை உண்டு. அளவைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே அதை ஆரம்பித்துவிடுவது உசிதம்.

குடும்பத்துக்கு ஒரு வேண்டுகோள். அவருக்குத் தெரியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்து டப்பாவில் வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் ஏன் கை நடுங்குகிறது என்று தெரியாமல் ஒரு மனிதரைத் தனியே பயப்பட விடுவது அது. வேகத்தை அவரே தீர்மானிக்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது இரவு கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியவைப்பது, தேதியும் அளவும் அன்றைய நிலையும் ஒரு நோட்டில் குறிப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது. வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, உயிர்மேல் வெறுப்பாகப் பேசுவது என எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லோரும் பூஜ்யத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலிப்பு நோய்க்காக இதே மருந்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர்கள் வீட்டிலிருந்தபடி முயலக் கூடாது. நீண்டகாலமாக நிலையான அளவில் எடுத்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று 2023இல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களிடம் அடுத்த ஒரு வருடத்தில் இறப்பு விகிதம் தொடர்ந்தவர்களைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு இருந்தது. நிறுத்தியதே காரணம் என்று அது நிரூபிக்கவில்லை; நோய்வாய்ப்பட்டதால் நிறுத்தியவர்களும் அதில் இருந்திருக்கலாம். என்றாலும், கணக்குக் காட்டுவதற்காக எல்லோரிடமிருந்தும் மாத்திரையைப் பிடுங்கும் அவசரத்துக்கு அது ஒரு கடுமையான எச்சரிக்கை. 2 மில்லிகிராமிலிருந்து அரை மில்லிகிராமுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்ட முதியவருக்கும் விழும் ஆபத்து குறைந்திருக்கிறது, பகல் தெளிந்திருக்கிறது.

பதற்றத்துக்கு, பென்சோடயசெபின் குடும்பத்தைச் சேராத எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகளான செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் எடுப்பவர்களுக்கும் படிப்படியாகக் குறைப்பது என்ற விதி பொருந்தும். அங்கே தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வும் தலைச்சுற்றலும் விலகல் அறிகுறியாக வரும். இரண்டு வகையும் எடுப்பவர்கள் ஒரே நேரத்தில் இரண்டையும் குறைக்கத் தொடங்கினால் எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

கடைசித் துண்டு முடிந்த பிறகும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், அலைகள் வந்து போகும். அப்போதோ அதற்கு முன்போ வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேர நேரலாம். குறைத்துக்கொண்டிருக்கும் நாட்களில் சேர்ந்தால், மருந்துப் பட்டியலில் இது விடுபட்டு, திடீர் நிறுத்தமாக முடியும் அபாயம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முழுதாக நிறுத்திய பிறகு சேர்ந்தால், தூக்கம் வராத முதல் இரவிலேயே அதே மாத்திரையை யாராவது நல்லெண்ணத்தில் எழுதிவிடுவார்கள். அதனால் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிடாமல், எத்தனை வருடம் எடுத்தார், எந்தத் தேதியில் நிறுத்தினார், மறுபடி தர வேண்டாம் என்று அதன் எதிரிலேயே எழுதி வையுங்கள்.